நாற்கூறன் படிப்பகம்

1

பொங்கல் கழிந்த மறுவாரம் எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு ஆண்டு விழா. போன வருடம் விழா மலருக்கு வாழ்த்துச் செய்தி கேட்டு அப்பா எழுதியிருந்தார். நானும் ஒரு பக்கம் நிறைய எழுதி அனுப்பினேன். இந்த வருடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் நியாயம். ஆனாலும் தபால்காரர் கதவிடுக்கில் கடிதங்களைத் தள்ளும் சத்தம் கேட்டபோதெல்லாம் படியிறங்கிப் போய்ப் பார்த்தேன். மின்சார பில் வந்தது. மகளின் பல் டாக்டரிடமிருந்து ஓர் அட்டை வந்தது. ஊரிலிருந்து ஒன்றும் வரவில்லை.

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டபோது பனியைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பனியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எனக்கு நேர்ந்த ஒரு வெட்கத்தைப் பற்றி எழுதுகிறேன். அது எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. இங்கேதான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னாலும் இவர்களுக்கு அது வெட்கமாகப் படாது.

2

இங்கிலாந்தின் வடக்கே மழை ஓயாத ஓர் ஊரில், பல்கலைக்கழகத்தின் நிலவறையில் எனக்கு வேலை. வேறொரு நாட்டில் இருக்கிற பெரிய ஆய்வுக்கூடத்தில் துகள்களை மோதவிட்டுப் படம் பிடிப்பார்கள். அந்தப் பிலிம் சுருள்கள் பெட்டி பெட்டியாக எங்களுக்கு வரும். இருட்டறையில் மேஜை மேல் படத்தை விழச் செய்து, கோடுகளைப் பார்த்து, வளைவுகளை அளந்து, கணக்குப் போட வேண்டும். காலையில் உள்ளே போனால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் பகலைப் பார்ப்பேன். அந்த நேரத்தில் பெரும்பாலும் பகலும் இருட்டாகத்தான் இருக்கும்.

நாங்கள் தேடியது இதுதான். புரோட்டானுக்குள் குவார்க்குகள் என்கிற இன்னும் சிறிய துகள்கள் மூன்று இருக்கின்றன. வேறு சில துகள்களுக்குள் ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்குமாக இரண்டு. இதுவரை கண்டதெல்லாம் இந்த இரண்டு வகைதான். நான்கு சேர்ந்து ஒரே துகளாக இருக்க முடியுமா? கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. இருப்பதாக யாரும் உறுதியாகக் காட்டவும் இல்லை. உலகத்தில் பல இடங்களில் இந்தத் தேடல் நடந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு மோதலிலிருந்தும் ஒரு நிறை கணக்கில் வரும். வரைபடத் தாளில் அந்த நிறைக்கு நேரே ஒரு கட்டம் போட்டு வைப்போம். அடுத்தது, அதற்கடுத்தது என்று ஆயிரக்கணக்கில் வைத்துக்கொண்டே போனால் களத்தில் நெல்லைக் கொட்டிப் பரப்பின மாதிரி ஒரு சரிவு கிடைக்கும். உண்மையாகவே ஒரு புதுத் துகள் இருந்தால் அதன் நிறைக்கு நேரே மட்டும் ஒரு மேடு நிற்கும். எங்களுக்கு நின்றது. குழுத்தலைவர் டேவிட் அந்தத் தாளை மேல்மாடி ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். நான் பின்னால் நின்றுகொண்டு, "இருக்கா சார்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். பத்து வருடமாக இப்படித்தான். சந்தோஷம், பயம், கோபம் எது வந்தாலும் முதலில் தமிழ்தான் வருகிறது. அதிலும் "சார்" முன்னால் வந்து நிற்கிறது. இங்கே தலைவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

அன்றைக்கே அப்பாவுக்கு எழுதினேன். "நான்கு குவார்க்குகள் சேர்ந்த புதுத் துகள் ஒன்றைப் பார்த்திருக்கிறோம் போலிருக்கிறது. கட்டுரையில் என் பெயரும் வரும்."

'போலிருக்கிறது' என்றுதான் எழுதினேன். ஆனால் போலிருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு மேடையில் பேச முடியாது. என் அப்பா மேடைக்காரர்.

3

அப்பாவின் பெயர் சாமிக்கண்ணு. பாபநாசத்திலிருந்து உள்ளே போகும் மண் சாலையில், வாய்க்கால் திரும்பும் இடத்தில் எங்கள் ஊர். அவருடைய அப்பா பண்ணையாள். அப்பா குத்தகைச் சாகுபடிக்காரர் ஆனார். கட்சியில் சேர்ந்த பிறகுதான் எழுத்தே படித்தார். டீக்கடைப் பெஞ்சில் பழைய பேப்பரை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிக் கற்றுக்கொண்டார். கற்றதும் விடவில்லை. சாயங்காலம் ஆனால் தெருவே கூடி உட்கார, அவர்தான் பேப்பரை உரக்கப் படிப்பார். தலைவர் பேச்சு வந்தால் தலைவர் குரலிலேயே படிப்பார். எதிர்க்கட்சிக்காரர் பேச்சு வந்தால் மூக்கால் படிப்பார். குத்தகைச் சட்டம், நில உச்சவரம்பு, கூலி நிர்ணயம் எல்லாம் எங்கள் தெருவுக்கு அவர் வாய் வழியாகத்தான் வந்து சேர்ந்தன. சட்டத்தைப் படித்துக் காட்டினவர் என்பதால்தான் அறுப்பு நேரத்துத் தகராறுகளில் முதல் ஆளாக அவரைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போவார்கள்.

எனக்குக் கலைச்செல்வி என்றும் தம்பிக்கு எழில் என்றும் பேர் வைத்தவர் அவர். என்னைப் பட்டணத்துக் காலேஜுக்கு அனுப்பியதும், அப்புறம் கப்பலேற அனுப்பியதும் அவர்தான்.

என் கடிதம் போன சில மாதங்களில் ஒரு புகைப்படம் வந்தது. தெருவுக்கும் வயலுக்கும் நடுவில் உள்ள களத்தில் ஒரு கட்டடம் நிற்கிறது. கீற்றுக் கூரை, செங்கல் சுவர். அந்தக் களம் புறம்போக்கு என்று எங்கள் ஜனங்கள் சொல்வார்கள். தன் பட்டாவில் சேர்ந்தது என்று மிராசுதார் சொல்வார். கணக்குப்பிள்ளையைக் கேட்டால் அன்றைக்கு யார் எதிரில் நிற்கிறார்களோ அதைப் பொறுத்துச் சொல்வார். அந்தக் களத்தை விட்டால் எங்கள் ஆட்களுக்குக் கதிரடிக்க வேறு இடம் கிடையாது. மிராசுதார் களத்தில் அடித்தால் அவர் அளந்து கொடுத்ததுதான். அதனால்தான் அங்கே ஒரு கட்டடம் எழுப்ப வேண்டும் என்று அப்பா பல வருடமாகத் துடித்துக்கொண்டிருந்தார். சும்மா எழுப்பினால் பிடுங்கிவிடுவார்கள். ஒரு பேர் வேண்டும், தொட்டால் ஊர் கேட்கிற மாதிரி ஒரு பேர். நான் கொடுத்தேன்.

'நாற்கூறன் படிப்பகம்' என்று பலகையில் எழுதியிருந்தது. குவார்க்கு என்கிற சொல் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. நான்கு கூறுகள் உடையவன் நாற்கூறன் என்று அவரே உண்டாக்கிக்கொண்டார். நான் அனுப்பியிருந்த வரைபடத்தைச் சுவரில் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதியவர் தேர்தலுக்குத் தேர்தல் சின்னம் எழுதுகிறவர். எங்கள் தாளில் அரை விரல் உயரம்கூட இல்லாத மேடு அவர் கையில் மலையாகிவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு சூரியனையும் வைத்துவிட்டார், கைப்பழக்கம். சட்டமன்ற உறுப்பினர் வந்து ரிப்பன் வெட்டினார். "தஞ்சைத் தரணியின் தங்கமகள்" என்று என்னைப் பற்றி ஏழெட்டு நிமிஷம் பேசினாராம்.

நான் சிரித்தேன். பிறகு பெருமைப்பட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. புகைப்படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். மகள் நிலா அதைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அம்மா கண்டுபிடித்த துகளின் பேரில் தாத்தா ஒரு வீடு கட்டியிருக்கிறார் என்று வகுப்பில் எழுந்து நின்று சொன்னாள். டீச்சர் என்னைத் தெருவில் பார்த்துக் கை குலுக்கினார்.

4

அப்புறம் இன்னும் பிலிம் பெட்டிகள் வந்தன. முன்னைவிடப் பல மடங்கு. மறுபடியும் அளந்தோம், கட்டம் வைத்தோம். மேடு வளரவில்லை. அதன் இரண்டு பக்கமும் நிரம்பிக்கொண்டே வந்தது. கடைசியில் சரிவோடு சரிவாகப் போய்விட்டது. வேறு நாட்டில் வேறொரு குழுவும் அதே இடத்தில் தேடிப் பார்த்து ஒன்றுமில்லை என்று வெளியிட்டது. நாங்கள் பார்த்தது துகளில்லை. அந்த இடத்தில் தற்செயலாகக் கொஞ்சம் அதிகமாக விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

"இது தினம் நடக்கிறதுதானே," என்றார் டேவிட். "இல்லை என்று தெரிவதும் ஒரு முடிவு. அதையும் எழுதி வெளியிடுவோம்." டீ குடிக்கப் போய்விட்டார். அந்த அறையில் இருந்த யாருக்கும் முகம் மாறவில்லை. எனக்கு மட்டும் காது சூடாகிவிட்டது. அவர்களில் ஒருவருடைய அப்பாவும் அந்த மேட்டின் மேல் கூரை போடவில்லை.

வீட்டுக்கு வந்து நிலாவிடம்தான் முதலில் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில்தான் கேட்டாள். தமிழ் புரியும், பேச வராது. நானும் விட்டுவிட்டேன்.

"அப்படின்னா தாத்தாவோட வீடு ஒண்ணுமில்லாததோட பேர்ல இருக்கா?"

"தப்பா போச்சும்மா. இது மாதிரி ஆகும்."

"நான் கிளாஸ்ல சொல்லிட்டேனே," என்றாள். மறுநாள் கூடத்தில் படம் இல்லை. அவள்தான் எடுத்துப் பீரோவுக்குப் பின்னால் சொருகியிருந்தாள். நான் திரும்ப மாட்டவில்லை.

அப்பாவுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே அவர் கடிதம் வந்துவிட்டது. மிராசுதார் தாசில்தாரிடம் மனுக் கொடுத்திருக்கிறார். அவருக்குப் பட்டணத்தில் காலேஜ் வாத்தியாராக ஒரு மருமகன். இந்தத் துகள் சங்கதியில் சந்தேகம் இருக்கிறது என்று அவர் விவரம் எழுதி அனுப்பியிருக்கிறார். இல்லாத ஒன்றின் பேரில் கட்டடம் எழுப்பி, சட்டமன்ற உறுப்பினரையும் ஏமாற்றி, நிலத்தை மோசடியாக வளைத்திருக்கிறார்கள் என்பது மனு. தாசில்தார் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு ஃபைலில் வைக்க ஏதாவது காகிதம் வேண்டும். அந்தத் துகள் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

அப்பா எழுதியிருந்தார்: "பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுப்பதில்லையா, அதுபோல நாற்கூறன் இருப்பதற்கு உங்கள் ஆபீசில் ஒரு சான்று வாங்கி, முத்திரை வைத்து, ஸ்தல விசாரணைக்கு முன்னால் கிடைக்கும்படி அனுப்பவும். முத்திரை பெரியதாக இருந்தால் நல்லது."

நான் இந்த நாட்டில் வாழ்வதற்கே எத்தனையோ சான்று கொடுத்தவள். பிறந்ததற்கு, கல்யாணமானதற்கு, காசநோய் இல்லாததற்கு. நான் உண்டா இல்லையா என்றே ஒருமுறை விமான நிலையத்தில் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது. அப்போதெல்லாம் கோபம் வந்தது. இந்தத் தடவை வெட்கம்தான் வந்தது. முத்திரையும் லெட்டர்ஹெட்டும் என் மேஜை டிராயரிலேயே இருந்தன. நான்கு வரி எழுதி ஒரு குத்துக் குத்தினால் தாசில்தார் ஆபீசில் யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம் வரவில்லை என்றால் பொய். ஒரு மதியம் முழுக்க அந்த எண்ணத்தோடுதான் இருந்தேன்.

கடைசியில் டேவிட்டிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த நிலம் போனால் உன் அப்பாவுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"அவருக்கு மட்டும் இல்லை. தெருவுக்கே களம் போகும்."

"இருக்கிறது என்று நான் எழுத முடியாது. உனக்கே தெரியும்," என்றார். தெரியும். தெரிந்துதான் கேட்டேன். கேட்டதற்காகவும் ஒருமுறை வெட்கப்பட்டேன்.

நானே எழுதினேன், லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்திலும் தமிழிலும். முதலில் பார்த்ததாக நினைத்தோம், அதிகம் அளந்தபோது மறைந்துவிட்டது, தவறு எங்களுடையது, படிப்பகத்தார் எங்கள் அறிவிப்பை நம்பித்தான் பேர் வைத்தார்கள், அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. உண்மையை எழுதிவிட்டோம் என்று உறையை ஒட்டும்போது மனம் லேசாகக்கூட இருந்தது. அந்த லேசு இப்போது நினைத்தால் கூசுகிறது.

5

தம்பியிடமிருந்து வந்த பதிலில், "படிப்பகம் தப்பியது. முடிந்தால் வந்து போ" என்று மட்டும் இருந்தது. கோடையில் லீவு கிடைத்தது. நிலா வர மாட்டேன் என்றாள். பள்ளிக்கூடத் தோழியோடு கடற்கரைக்குப் போகிறாளாம். அவளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன்.

பாபநாசம் ஸ்டேஷனுக்கு எழில் சைக்கிளோடு வந்திருந்தான். பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டே நடந்தோம். ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்காலெல்லாம் நிரம்பியிருந்தது. குறுவைக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் லெட்டர் நேரத்துக்கு வந்துதாடா?"

"விசாரணைக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுச்சுக்கா. அப்பா அதை நாலஞ்சு வாட்டி படிச்சாரு."

"தாசில்தார் என்ன சொன்னார் பார்த்துட்டு?"

எழில் சைக்கிளை நிறுத்தி, பெட்டியின் கயிற்றை இறுக்கினான். "பாக்கலக்கா. அப்பா குடுக்கவே இல்ல."

பிறகு சொன்னான். களத்தில் மேஜை நாற்காலி போட்டு விசாரணை. தாசில்தார், கணக்குப்பிள்ளை, மிராசுதார், அவர் வக்கீல். ஊரே சுற்றி நின்றது. கடிதம் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. "அத்தாட்சி இருக்குங்களா?" என்று தாசில்தார் கேட்டார். அப்பா எழுந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது எழிலின் குரல் மாறியது. எங்கள் அப்பா எந்த ஆபீசர் முன்னாலும் துண்டை எடுத்தவர் இல்லை. துண்டைத் தோளில் போடுகிற உரிமைக்காகவே கட்சிக்குப் போனவர்.

"ஐயா, அப்படி ஒண்ணு கிடையாதுங்க. எம் மக அப்படி எழுதவும் இல்லீங்க. அது என்னமோ ஆராய்ச்சியப் பத்தி எழுதுச்சு, நானா ஒண்ணு நெனச்சுக்கிட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

மிராசுதார் சிரித்தார். "தினம் தெருவைக் கூட்டி வச்சுப் பேப்பர் படிக்கிறாரே, அது யாருங்க?" என்று வக்கீல் கேட்டார்.

"மத்தவங்க சொல்றத மனப்பாடம் பண்ணி, பாத்துப் படிக்கிற மாதிரி சொல்லுவேங்க. கைநாட்டுதான் நான்," என்றார் அப்பா.

ஊர் முழுக்க நின்று கேட்டது. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. தாசில்தார் நிம்மதியாக எழுதினாராம். மோசடி நோக்கம் இல்லை, எழுத்தறிவின்மையால் நேர்ந்த பிழை. பேரை நீக்கிவிட வேண்டும். கட்டடமும் களமும் பொது உபயோகத்தில் நீடிக்கலாம். வாக்குமூலத்தில் அப்பா கைநாட்டு வைத்தார்.

"லெட்டரக் குடுத்திருந்தாலும் நடந்திருக்குமேடா. அதுல எங்க தப்புன்னுதானே எழுதியிருந்தேன்."

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அந்த மிராசுதார் ஆளு வாயால எம் மக சொன்னது பொய்யின்னு ஊருக்கு முன்னாடி படிக்க விடுவனா'ன்னாரு. அவ்ளோதான். அதுக்கு மேல பேசலக்கா."

வீட்டில் அப்பா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இதனால உன் வேலைக்கு ஒண்ணும் இல்லியே?" என்பது. இல்லை என்றேன். "அப்ப சரி," என்று கை கால் கழுவத் தண்ணீர் மொண்டு வைத்தார். கடிதத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். "சாப்பிடு மொதல்ல," என்றார். நான் எங்கேயோ மழைநாட்டில் உட்கார்ந்து உண்மை எழுதினேன். எனக்கு ஒரு தபால்தலை செலவு. இவர் டீக்கடைப் பெஞ்சில் ஆரம்பித்துச் சேர்த்ததை எல்லாம் கொண்டுபோய் மேஜையில் வைத்திருக்கிறார்.

சாயங்காலம் படிப்பகத்துக்குப் போனோம். பலகையில் பேர் இருந்த இடம் சுண்ணாம்பால் அடிக்கப்பட்டிருந்தது. சுவரில் மலையும் இல்லை, சூரியனும் இல்லை. பழையபடி ஆட்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பேப்பர் வந்திருந்தது. அதைத் தையற்காரர் ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். வாக்கியம் எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியவில்லை. அப்பா ஓரத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க படிங்கப்பா," என்றேன் மெதுவாக. "எல்லாருக்கும்தான் தெரியுமே."

"தெரியும். யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா மிராசுதார் மேக்கோர்ட்டுக்குப் போறேங்கறாரு. நான் இங்க உக்காந்து பேப்பர் படிச்சேன்னு ஒருத்தன் பாத்துட்டுப் போய்ச் சொன்னா, அங்க குடுத்த வாக்குமூலம் பொய்யாயிடும். களம் போயிடும்மா."

"எத்தினி நாளைக்கு இப்படி?"

"கேஸ் முடியிற வரைக்கும்." கேஸ் எப்போது முடியும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை.

தையற்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா வந்திருக்காங்க, அவங்க படிக்கட்டும்," என்று பேப்பரை நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். அப்பாவே அதை வாங்கி என் மடியில் வைத்தார். படித்தேன். பத்து வருடமாக உரக்கத் தமிழ் படிக்காத நாக்கு. ஓர் இடத்தில் தடுக்கியது, ஓர் இடத்தில் வரியே தவறியது. அடுத்த வரியை விரலால் காட்ட அப்பாவின் கை எழுந்தது. பாதியிலேயே அதை இறக்கி முழங்காலில் வைத்துக்கொண்டார். நான் தேடிக் கண்டுபிடித்து மேலே படித்து முடித்தேன்.

பேப்பரை மடித்தபோது எல்லோரும் பார்க்க என் பக்கம் திரும்பினார் அப்பா. "நல்லாத்தான் படிக்கிறே," என்றார், படிக்கத் தெரியாத ஒருவர் சொல்கிற மாதிரி.